மூன்று நாள் அபாயப் பொருள் பயிற்சி: டிரைவர் பணத்திலா, முதலாளி பணத்திலா?

நாமக்கல்லில் எனக்கு ஒரே ஒரு புல்லட் டேங்கர் இருக்கிறது. பதினாறு வருடம் பிறர் வண்டியை ஓட்டிச் சேர்த்த பணமும், மனைவியின் நகையும், நிதி நிறுவனக் கடனும் சேர்ந்து வாங்கிய வண்டி. 18 டன் சமையல் எரிவாயு பிடிக்கும். கொச்சியிலோ மங்களூருவிலோ ஏற்றுவோம். எந்த ஊர் சிலிண்டர் நிரப்பும் ஆலையைச் சொல்கிறார்களோ அங்கே இறக்குவோம். இந்த வேலைக்குக் கனரக லைசென்ஸ் மட்டும் போதாது. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிக்கென்று மூன்று நாள் பயிற்சி முடித்து, அந்த அனுமதி லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

சென்ற ஆடியில் என் டிரைவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்காமல் நானும் பக்கத்து நாற்காலியில் மூன்று நாளும் உட்கார்ந்தேன். ஆளுக்கு 2,600 ரூபாய். இரண்டு பேருக்கும் நானே கட்டினேன். பயிற்சி எப்படி இருந்தது என்பதையும், அதற்குப் பணம் யார் கட்ட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நான் ஏன் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் நான் டிரைவராக இருந்தபோது, அப்போதைய முதலாளி "சான்றிதழ் வாங்கிக்கொண்டு வா, டேங்கர் தருகிறேன்" என்றார். பணம் என் கையிலிருந்து போனது. அதற்காகக் கடன் வாங்கினேன். ஒரு கடை மாடியில் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, ஜெராக்ஸ் தாள் கொடுத்து, பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்துவிட்டார்கள். மூன்று நாள் வருகைப் பதிவில் அன்றைக்கே மூன்று கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. இரண்டு நாள் படி, அதாவது நடை போனால் கிடைக்கும் தினப்பணம், மிச்சமாயிற்றே என்று இருந்தது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த வாரமே 18 டன் எரிவாயுவை முதுகில் ஏற்றிக்கொண்டு கேரளச் சாலையில் போனேன்.

மறு வருடம், 2012 ஆகஸ்ட் 27 இரவு, கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் ஒரு எரிவாயு டேங்கர் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. எரிவாயு கசிந்து பரவித் தீப்பிடித்தது. சாலையோர வீடுகளில் இருந்தவர்கள் 20 பேர் இறந்தார்கள். நான் அடிக்கடி போகும் சாலை அது. அந்த வீடுகளின் திண்ணைகளை எனக்குத் தெரியும். செய்தியைக் கேட்டபோது ஒரே ஒரு கேள்விதான் மனதில் நின்றது. அது என் வண்டியாக இருந்திருந்தால் நான் எந்தப் பக்கம் ஓடியிருப்பேன், ஊரார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லியிருப்பேன்? விடை எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ் மட்டும் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. கற்காமல் விட்ட அந்தக் கடனைத்தான் இத்தனை வருடம் கழித்துத் தீர்க்கப் போனேன்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆம் விதி இந்தப் பயிற்சியைப் பற்றியது. மாநில அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் மூன்று நாள். முதல் இரண்டு நாள் தற்காப்போடு ஓட்டுவதும், வண்டியைச் சோதிப்பதும், ஓட்டிக் காட்டுவதும். மூன்றாம் நாள் முழுவதும் ஏற்றும் பொருளைப் பற்றியது. பாடத்திட்டத்தை எழுதியவர்கள் சாலையை அறிந்தவர்கள் என்றே சொல்வேன். புறப்படும் முன் வண்டிக்கு வெளியே, அடியே, உள்ளே என்னென்ன பார்க்க வேண்டும் என்பதிலிருந்து, கசிந்த திரவம் கிணற்றிலும் ஆற்றிலும் கலக்காமல் தடுப்பது வரை அதில் இருக்கிறது. நாங்கள் போன நிறுவனம் அந்தத் திட்டத்தை ஏறக்குறைய முழுதாகவே நடத்தியது. நேரத்துக்கு ஆரம்பித்தார்கள். மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் கையெழுத்து வாங்கினார்கள். மதியச் சாப்பாடு கட்டணத்தில் அடக்கம். சாம்பார் சாதமும் தயிர் சாதமும்தான் என்றாலும் சூடாக இருந்தது.

வகுப்பில் 31 பேர். பெட்ரோல், டீசல் டேங்கர் ஓட்டுபவர்கள் பாதிக்கு மேல். எங்களைப் போல எரிவாயு ஒன்பது பேர். தூத்துக்குடிப் பக்கமிருந்து அமில டேங்கர் ஓட்டும் இருவர். பட்டாசுக்கான வேதிப்பொருள் ஏற்றும் சிவகாசிக்காரர் ஒருவர்.

முதல் நாள் பெரும்பாலும் திரையில் படம் காட்டுவதாகவே போயிற்று. வெளிநாட்டுச் சாலைகளில் எடுத்த விபத்துக் காட்சிகள். ஆறு வழிச் சாலையில் பனிமூட்டத்தில் கார்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்து எங்கள் ஆட்கள் என்ன கற்பார்கள்? எதிரே பஸ் வர, இடப்பக்கம் ஆட்டுக்கிடை போக, நடுவில் இரு சக்கர வண்டியில் மூன்று பேர் நுழைவதுதான் எங்கள் சாலை. மதியத்துக்கு மேல் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு நேராக வந்து உட்கார்ந்தவர்கள் அதில் நிறையப் பேர். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல்தான் வருத்தம்.

அன்று மாலை ஒரே ஒரு பாடம் எல்லோரையும் நிமிர வைத்தது. பயிற்றுநர் எங்களை வெளியே அழைத்துப்போய், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டார். "மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாய். இந்தக் கோட்டில் ஒரு குழந்தையைப் பார்க்கிறாய். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் வண்டி எங்கே போய் நிற்கும்?" என்று கேட்டார். நாங்கள் ஐந்தடி, பத்தடி என்றோம். அவர் டேப்பைப் பிடித்து அளந்து கொண்டே போனார். கிட்டத்தட்ட பதினேழு மீட்டரில் இரண்டாவது கோட்டைப் போட்டார். "இது வரைக்கும் நீ பிரேக்கையே தொடவில்லை" என்றார். என் டிரைவர், நான் தம்பி என்றே கூப்பிடுபவன், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இரண்டு முறை நடந்து பார்த்தான். பிறகு பேசாமல் வந்து உட்கார்ந்தான்.

இரண்டாம் நாள் தொப்பூர் கணவாயைப் பற்றிப் பேசினார்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறார்கள். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர் என்று எங்கள் காலத்து டிரைவர்கள் சொல்லிக் கொடுத்ததையே பயிற்றுநரும் சொன்னார். பிரேக் டிரம் சூடேறினால் என்ன நடக்கும், ஏர் பிரஷர் எவ்வளவு இறங்கினால் உடனே ஓரம் கட்ட வேண்டும் என்று விளக்கினார். நன்றாகவே இருந்தது.

ஆனால் ஓட்டிக் காட்டும் பகுதி ஏமாற்றம். ஒரு நேரத்தில் ஒரு டிரைவர் என்று விதி சொல்கிறது, அப்படித்தான் நடத்தினார்கள். ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். கொடுத்த வண்டியோ காலியான பத்துச் சக்கர லாரி. டேங்கர் ஓட்டுவதற்கும் லாரி ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடே உள்ளே இருக்கும் திரவம்தான். டேங்க்கை முழுக்க நிரப்பமாட்டார்கள்; வெயிலில் திரவம் விரிய மேலே இடம் விட்டுத்தான் ஏற்றுவார்கள். வளைவில் நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி திரும்பும்; உள்ளே இருக்கும் திரவம் பழைய திசையிலேயே போகப் பார்க்கும். அந்த இழுப்பு இருக்கையின் அடியில் தெரியும். அதை முதன்முதலில் உணரும்போது வயிறு கலங்கும். அதைச் சாலையில் உணர்வதைவிடப் பயிற்சி மைதானத்தில் உணர்வது நல்லதல்லவா? பழைய டேங்க் ஒன்றில் பாதி தண்ணீர் நிரப்பினால் போதும். இவ்வளவு கட்டணம் வாங்கும் இடத்தில் இது இல்லாதது பெரிய குறை.

மூன்றாம் நாளுக்காகத்தான் இந்த மதிப்பீட்டையே எழுதுகிறேன்.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர். அறுபதைத் தாண்டியவர். கணினியைத் தொடவே இல்லை. உள்ளே வந்ததும் கரும்பலகையில் பெரிதாக 1075 என்று எழுதினார். "இது என்ன?" என்றார். வகுப்பில் சத்தமே இல்லை. என் தம்பி என்னிடம் மூன்று வருடம் கிளீனராக இருந்தவன். பிறகு லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் சிமென்ட் லோடு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவன். மூன்று வருடம் வாரத்துக்கு ஒரு முறை எங்கள் டேங்கரில் அந்த எண் இருக்கும் பலகையைத் துணியால் துடைத்தவன். அவன் மெதுவாக, "கம்பெனி கொடுத்த வண்டி எண் என்று நினைத்தேன் ஐயா" என்றான். எனக்கு நெஞ்சில் குத்தியது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதவன் நான்தான்.

ஒவ்வொரு அபாயப் பொருளுக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்று ஐயா சொன்னார். திரவமாக்கிய பெட்ரோலிய வாயுவுக்கு 1075, பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, அம்மோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017, கந்தக அமிலத்துக்கு 1830. வண்டி கவிழ்ந்து, டிரைவர் மயங்கிக் கிடந்து, மொழி தெரியாத ஊர்க்காரர்கள் சுற்றி நின்றாலும், வருகிற தீயணைப்பு வீரருக்கு அந்த எண் பேசும். அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளுக்கும் பொருள் சொன்னார். பெட்ரோல் டேங்கரில் 3YE என்று இருக்கும். 3 என்றால் நுரையால் அணைக்க வேண்டும். Y என்றால் மூச்சுக் கருவியோடுதான் கிட்டே போக வேண்டும், கசிவைச் சாக்கடையில் ஓட விடாமல் தடுக்க வேண்டும். E என்றால் சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவதை யோசிக்க வேண்டும். சேறு படிந்து, பெயின்ட் உரிந்து, பாதி அழிந்து போன பலகைகளோடு எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பார்த்தேன்.

பிறகு எங்களை வாசலுக்கு அழைத்து வந்தார். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி, தோள் உயரத்தில் பிடித்து மெல்ல விட்டார். மண் தெற்கே சாய்ந்து விழுந்தது. "காற்று வடக்கிலிருந்து வருகிறது. அப்படியென்றால் எந்தப் பக்கம் ஓடுவாய்?" என்று சிவகாசிக்காரரைக் கேட்டார். அவர் தெற்கே கை காட்டினார். "வாயு உன் பின்னாலேயே வரும் தம்பி. காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கே போ. நேராகப் போக முடியாவிட்டால் குறுக்கே விலகிப் போய், பிறகு காற்றை எதிர்த்துப் போ. ஊராருக்கும் அதையே சொல்" என்றார். பதினாலு வருடத்துக்கு முன் ஒரு கடை மாடியில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய விடை அந்த ஒரு கை மண்ணில் இருந்தது.

எரிவாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடி ஓடும் என்றார். சாக்கடை, கிணறு, தரைக்குக் கீழே உள்ள அறை, எல்லாவற்றிலும் போய் உட்காரும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளத் தயாராகிவிடும். கசிவின்போது தெரியும் வெள்ளைப் புகை வாயு அல்ல, குளிர்ச்சியில் உறைந்த ஈரம்; அந்தப் புகை முடிகிற இடத்தோடு ஆபத்து முடிந்துவிட்டதாக எண்ணி ஆட்கள் நிற்பார்கள், வாயுவோ அதைத் தாண்டியும் இருக்கும். கசிவை நிறுத்த வழியில்லாதபோது எரியும் சுடரை அணைக்காதே, டேங்க் உடம்பின் மேல் தண்ணீர் அடித்துக் குளிர வைக்கச் சொல் என்றார். இதைக் கேட்டுப் பலர் திகைத்தார்கள். நெருப்பைக் கண்டால் அணைப்பதுதானே மனித இயல்பு. சுடர் அணைந்து வாயு மட்டும் கசிந்தால், அது கண்ணுக்குத் தெரியாமல் ஊருக்குள் நடந்து போய் இன்னொரு அடுப்பைத் தேடும் என்று அவர் விளக்கியபோது வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை.

2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் நடந்ததை அவர் விரிவாகப் பேசினார். கொச்சியிலிருந்து வந்த 18 டன் டேங்கர், இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. வாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், டிசம்பர் 20-ல், ஜெய்ப்பூர் அருகே அஜ்மீர் சாலையில் எரிவாயு டேங்கர் மேல் லாரி மோதித் தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே தீப்பொறி கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று எங்களையே பேச வைத்தார். என் தம்பி, இணைப்புப் பின்னையும் அதன் பூட்டையும் எப்படிக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது என்று மூன்று கேள்வி கேட்டான். அவனாகக் கை தூக்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அமில டேங்கர்காரர் ஒருவர், "எங்கள் வண்டியில் கசிந்தால் தண்ணீர் அடிக்கலாமா ஐயா?" என்று கேட்டார். கந்தக அமிலத்தின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் கொதித்துத் தெறிக்கும், மணலால் வரப்புக் கட்டு, சுண்ணாம்பு போடு. ஆனால் உன் தோலில் பட்டால் மட்டும் தயங்காமல் ஏராளமான தண்ணீரில் கழுவு என்று பதில் வந்தது. கேட்டவர் ஆறு வருடமாக அமிலம் ஓட்டுகிறாராம். அவர் கேட்டிராவிட்டால் அது அந்த வகுப்பில் வந்தே இருக்காது. எல்லாப் பொருளுக்கும் ஒரே வகுப்பு என்பது இந்தப் பயிற்சியின் அடுத்த குறை. மூன்றாம் நாள் மதியத்தையாவது எரிவாயு, எண்ணெய், அமிலம் என்று பிரித்து நடத்தலாம்.

தீயணைப்புக் கருவியைப் பின் இழுத்து, அடித்துப் பார்க்கும் வாய்ப்பு ஆறு பேருக்கு மட்டும் கிடைத்தது. மறுபடி நிரப்பச் செலவாகும் என்றார்கள். மற்ற 25 பேரும் வேடிக்கை பார்த்தோம். கையில் பிடித்துப் பார்க்காதவன் பதற்றத்தில் எப்படிப் பிடிப்பான்?

இனி பணத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். 31 பேரில் 24 பேர் தங்கள் கைப்பணத்தைக் கட்டி வந்திருந்தார்கள். முதலாளி கட்டியவர்கள் ஏழு பேர். அதிலும் மூன்று பேருக்குப் பிறகு படியில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. கட்டணம் 2,600 மட்டுமா செலவு? மூன்று நாள் நடை போகாததால் படி போயிற்று. வெளியூர்க்காரர்களுக்குத் தங்கும் செலவு. மருத்துவச் சான்று, ஆர்டிஓ அலுவலகக் கட்டணம், பஸ் செலவு. ஒரு பெட்ரோல் டேங்கர் டிரைவர் விரல்விட்டு எண்ணி எட்டாயிரத்தைத் தொட்டார். பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணம் என்றார்.

விதியைப் பாருங்கள். 135-ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது. ஏற்றும் பொருள் எப்படிப்பட்டது, அதனால் என்ன ஆபத்து, ஓடும்போதும் நிற்கும்போதும் என்ன எச்சரிக்கை வேண்டும், அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை டிரைவர் புரிந்துகொள்ளப் போதிய அறிவுரையும் பயிற்சியும் பெற்றிருப்பதை, சரக்கு அனுப்புபவர் நிறைவடையும்படி உறுதி செய்ய வேண்டியவர் வண்டி உரிமையாளர். பொறுப்பு உரிமையாளருடையது என்றால் செலவும் அவருடையதுதானே? நான் உரிமையாளனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

என் டேங்க்கை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைக்கு விடுகிறேன். பாதுகாப்பு வால்வைச் சோதிக்கிறேன். டயர் மாற்றுகிறேன். இதற்கெல்லாம் டிரைவரிடம் பங்கு கேட்டால் ஊர் என்னைக் காறித் துப்பும். ஆனால் அந்த டேங்க்கைக் கையாளத் தெரிந்துகொள்ளும் செலவை மட்டும் அவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. நானே அதைச் செய்திருக்கிறேன். வண்டி வாங்கிய முதல் வருடம், அப்போதிருந்த டிரைவருக்குக் கட்டிய பணத்தை ஐந்து தவணையாகப் படியில் கழித்தேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. செய்தது தவறு. அண்மையில் அவரை மோகனூர் சாலையில் பார்த்தபோது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்த முதலாளிகள் சொல்லும் மறுப்பும் எனக்குத் தெரியும். செலவு செய்து பயிற்சி கொடுத்தால் அடுத்த மாதமே வேறு வண்டிக்குப் போய்விடுகிறான் என்பார்கள். உண்மைதான், எனக்கும் நடந்தது. நான் பணம் கட்டிப் பயிற்சி முடித்த ஒருவர் நான்கே மாதத்தில் போய்விட்டார். வயிறு எரிந்தது. ஆனால் அவருக்குப் பதிலாக வந்தவர் வேறொரு முதலாளி செலவில் பயிற்சி முடித்தவர். போனவரும் வேறெங்கும் போய்விடவில்லை. என் மகள் கல்லூரிப் பஸ்ஸில் போகும் அதே சாலையில்தான் இன்னொரு டேங்கரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். போகாமல் தடுக்க லைசென்ஸையும் சான்றிதழையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கொடுமை. பணம் யார் கட்டினாலும் சான்றிதழ் டிரைவருடையது.

ஒற்றை வண்டிக்காரனுக்கு இது சுமை என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு பேர் கட்டணம் 5,200, தம்பிக்கு மூன்று நாள் படி, வண்டி நின்றதால் போன நடை, நடுவில் வந்த கடன் தவணை. வண்டி தகுதிச் சான்றுக்காகப் பட்டறையில் நிற்கும் வாரமாகப் பார்த்து இருவரும் போனதால்தான் சமாளித்தேன். மற்ற ஒற்றை வண்டிக்காரர்களும் அப்படித் திட்டமிடலாம். பொருளை ஏற்றி அனுப்பும் பெரிய நிறுவனங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இந்தப் பயிற்சிச் செலவை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அவர்களுக்கு அது ஒரு நடையின் டீசல் செலவுக்குக்கூட வராது.

பணத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை, தீயணைப்பு ஐயாவிடம் தனியாகப் பேசினேன். "முதலாளியோ கம்பெனியோ அனுப்பும் குழு வந்தால், தீயணைப்புப் பயிற்சி நடந்ததா என்று எங்களுக்குப் போன் வரும். தன் பணத்தைக் கட்டி வருபவர், சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம்" என்றார். 2011-ல் மதியம் ஒரு மணிக்கு மகிழ்ச்சியோடு படியிறங்கிய எனக்கு அது நன்றாகவே புரிந்தது. பணம் கட்டுகிறவன் படியை இழந்து நிற்கும் டிரைவராக இருக்கும்வரை, சீக்கிரம் முடித்துக் கொடுக்கும் கடை மாடிகளுக்கே கூட்டம் சேரும். ஒழுங்காக மூன்று நாள் நடத்தும் இடம், விலையைக் குறைக்க ஆறு பேருக்கு மட்டும் தீயணைப்புக் கருவியைக் கொடுக்கும்.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சேருமுன் மாநில அரசின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல்முறை சேரும்போது, மூன்று நாள் வேண்டாம், ஒரே நாளில் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் ட்ரெம் கார்டை, அதாவது ஏற்றும் பொருளின் ஆபத்தையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லும் அட்டையை, கையோடு எடுத்துப் போய், புரியாத ஒவ்வொரு வரிக்கும் மூன்றாம் நாள் பொருள் கேளுங்கள்; அமில டேங்கர்காரர் கேட்டதுபோல வாய்விட்டுக் கேளுங்கள். முந்தின இரவு வண்டி ஓட்டாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த அனுமதி மூன்று வருடம் செல்லும். முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நாங்கள் போன இடத்துக்கு என் டிரைவரை மறுபடி அனுப்புவேனா என்று கேட்டால், அனுப்புவேன். அந்த மூன்றாம் நாளுக்காகவே அனுப்புவேன். டேங்கர் ஓட்டிப் பழகவும், எல்லோர் கையிலும் தீயணைப்புக் கருவி கொடுக்கவும் கட்டணத்தை ஆயிரம் ரூபாய் கூட்டினாலும் கட்டுவேன். அதை நிர்வாகியிடம் எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன்.

லைசென்ஸில் அனுமதி ஏறியபின் தம்பியின் முதல் நடைக்கு நானும் கூடப் போனேன். கொச்சியில் ஏற்றி, குதிரான் சுரங்கம் தாண்டி, வாளையாறு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிட்டது. தேநீர் குடிக்க வழக்கமாக நிறுத்தும் இடத்தில் ஓரம் கட்டினான். சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு இணைப்புப் பின்னைப் பார்த்தான். பலகையைத் துணியால் துடைத்தான். நான் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மட்டும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி விட்டுப் பார்த்தான். பிறகு கடைக்காரரின் அடுப்பைப் பார்த்தான்; சாலையிலிருந்து கடைப்பக்கம் சரிந்து ஓடும் சாக்கடையைப் பார்த்தான்.

"அண்ணா, இங்கே வேண்டாம். முன்னால் மேடாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன்" என்றான்.

பத்து வருடமாக நான் நிறுத்தும் இடம் அது. "சரி தம்பி" என்றேன். கட்டையை எடுத்து வைத்துவிட்டு, வண்டியை இருநூறு மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.